இண்டிகேட்டர் போட்டா முள்ளு ஆடுது: எலக்ட்ரானிக்ஸ் படுத்தினப்போ கை கொடுத்த வழிகள்

டிரெய்லர் ஓட்டுநர்:

22 வருஷமா ஸ்டியரிங் பிடிக்கிறேன். பழைய வண்டி மக்கர் பண்ணினா சத்தத்தை வெச்சே கோளாறு எங்கேன்னு சொல்லிடுவேன். இப்போ இன்ஜின் நல்லா ஓடிக்கிட்டு இருக்கும்போதே டாஷ்போர்டு முழுக்க சிவப்பும் மஞ்சளுமா எரிய ஆரம்பிச்சுடுது. என் கதையை முதல்ல சொல்றேன், உங்களுக்கு நடந்ததையும் சொல்லுங்க.

ராத்திரி நேரம், முழு லோடு. இடது பக்கம் ஒதுங்க இண்டிகேட்டர் போட்டேன். அது அடிக்க அடிக்க டீசல் முள்ளும் ஏர் பிரஷர் முள்ளும் கூடவே ஆடுது. ஹெட்லைட்டை டிம் பண்ணினா ரேடியோ அணைஞ்சு எரியுது. ஓரங்கட்டி நிறுத்திட்டு யோசிச்சேன். சம்பந்தமே இல்லாத மூணு நாலு சாமான் ஒரே தாளத்துல கோளாறு பண்ணுதுன்னா அத்தனையும் ஒண்ணா கெட்டிருக்காது. எல்லாத்துக்கும் பொதுவான எர்த்துதான், அதாவது கரன்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போற வழிதான், போயிருக்கணும்.

ஜம்பர் கேபிள் ஒண்ணை எடுத்து, ஒரு முனையை சேஸிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, பெயின்ட் இல்லாத போல்ட்லயும் இன்னொரு முனையை கேபின் போல்ட்லயும் கவ்வ விட்டேன். கவ்வின அந்த நொடியே முள்ளெல்லாம் அடங்கிப்போச்சு. சூடான சாமான், சுத்துற சாமான் எதுலயும் படாம கேபிளைக் கட்டிட்டு, நிதானமா ஓட்டி ஒர்க்‌ஷாப் சேர்ந்தேன்.

காலையில கேபினைத் தூக்கிப் பார்த்தா, கேபினையும் சேஸிஸையும் இணைக்கிற எர்த் பட்டை வெளியில பார்க்க முழுசாத்தான் இருக்கு. விரலால வளைச்சதும் உள்ளே பச்சையா பூத்துப்போன செம்புக் கம்பி பொடிப்பொடியா உதிருது. நாலஞ்சு இழைதான் மிச்சம். கேபினை ஒவ்வொரு தடவை தூக்கும்போதும் அந்தப் பட்டைதானே வளையுது!

இதைச் செய்யறவங்க ஒண்ணு கவனிங்க. கேபிளை பேட்டரி மைனஸ்ல மாட்டாதீங்க. நம்ம வண்டி 24 வோல்ட், 12 வோல்ட் பேட்டரி ரெண்டு வரிசையா இருக்கு. அதுல ஒண்ணோட மைனஸ் மட்டும்தான் சேஸிஸுக்குப் போகுது. அடுத்ததோட மைனஸ்ல 12 வோல்ட் நிக்கும். தவறி அதுல மாட்டினா கேபிளே எரிஞ்சுடும். இரும்புக்கும் இரும்புக்கும் நடுவுல மட்டும் போடுங்க.

கன்டெய்னர் ஓட்டும் தம்பி:

அண்ணே, என் வண்டி ஆட்டோ கியர். ஒரு தடவை நியூட்ரல்ல மாட்டிக்கிட்டு எந்த கியரும் விழலை. கியரை மாத்துற ஏர் பிரஷரை முதல்ல பார்த்தேன், சரியா இருந்துச்சு. சாவியை எடுத்து, பேட்டரி கரன்ட்டையே வெட்டுற மெயின் சுவிட்சையும் அணைச்சு, அஞ்சு நிமிஷம் விட்டுப் போட்டதும் கியர் விழுந்துச்சு. அதுலேர்ந்து எதுக்கெடுத்தாலும் மெயின் சுவிட்சுதான்னு பழகிட்டேன், அதுவே தப்பாப் போச்சு. சாவியை ஆஃப் பண்ணின பிறகு, புகையில மாசைக் குறைக்க யூரியா கரைசலைத் தெளிக்கிற பம்ப் கொஞ்ச நேரம் ஓடி, குழாய்ல நிக்கிற யூரியாவை டேங்குக்குத் திருப்பி இழுக்குமாம். அது முடியறதுக்குள்ள நான் கரன்ட்டை வெட்டிக்கிட்டே இருந்திருக்கேன். குழாய்லயே காஞ்சு, ஒரு நாள் எச்சரிக்கை லைட் வந்து பிக்கப் சுத்தமா குறைஞ்சுடுச்சு. யூரியா தெளிக்கிற நாசில் முனையில உப்பு மாதிரி வெள்ளையா கட்டி அடைச்சிருந்துச்சு. மெக்கானிக் கழட்டி வெந்நீர்ல ஊற வெச்சார், கரைஞ்சுடுச்சு. இப்போ சாவியை எடுத்ததும் இறங்கி டயரை ஒரு சுத்து பார்த்துட்டு, பம்ப் சத்தம் நின்ன பிறகுதான் மெயின் சுவிட்ச்கிட்டயே போறேன்.

டிப்பர் வைத்திருப்பவர்:

பின்னாடி எல்இடி பல்பு மாத்தினேன், பல்பு போச்சுன்னு டாஷ்போர்டு கத்திக்கிட்டே இருந்துச்சு. பழைய 21 வாட் பல்பையே திருப்பிப் போட்டேன், நின்னுபோச்சு.

ஆட்டோ எலக்ட்ரீஷியன்:

டிப்பர் அண்ணே, எல்இடி இழுக்கிற கரன்ட் ரொம்பக் குறைவு. அதனால பல்பே இல்லைன்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும். நீங்க பண்ணினது சரிதான்.

பேரிங் வேலை, கிரீஸ் வேலை முடிஞ்ச மறுநாளே ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு) லைட் எரியுதுன்னு நிறைய வண்டி வரும். சக்கரத்தோட வேகத்தைப் பார்க்கிற சென்சார் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கிடாதீங்க. வேலை பார்க்கும்போது சென்சார் பின்னாடி நகர்ந்திருக்கும், அவ்வளவுதான். வண்டிக்குக் கட்டை போட்டு, சென்சாரைக் கையால அழுத்தி, சக்கரத்தோட சேர்ந்து சுத்துற பல் வளையத்துல முட்ட விடுங்க. சக்கரம் சுத்தும்போது வளையமே தேவையான அளவுக்கு அதைத் தள்ளிக்கும். சுத்தியலால தட்டினா சென்சார் உடைஞ்சுடும். அப்புறமும் லைட் அணையலைன்னா அப்படியே ஓட்டாம கொண்டுவாங்க, அது பிரேக் சமாச்சாரம்.

இன்னொண்ணு. சம்பந்தமில்லாத எரர் கோடு பத்துப் பதினைஞ்சு ஒரே நேரத்துல வந்தா நான் ஸ்கேனருக்கு முன்னாடி மல்டிமீட்டரைத்தான் எடுப்பேன். பேட்டரியை அணைச்சுட்டு, கம்ப்யூட்டர்கள் பேசிக்கிற ரெண்டு கேன் வயருக்கு நடுவுல ஓம்ஸ் பார்க்கணும். ரெண்டு முனையிலயும் 120 ஓம்ஸ் ரெசிஸ்டர் இருக்கிறதால சுமார் 60 காட்டணும். 120 காட்டினா ஒரு முனை அறுந்திருக்கு. அப்படித் தேடிப் போனப்போ பல வண்டியில பார்த்தது, யாரோ அந்த வயரை உரிச்சு, வண்டி எங்கே போகுதுன்னு காட்டுற டிராக்கர் கருவியோட வயரை முறுக்கிக் கட்டி, டேப் சுத்தி விட்டிருப்பாங்க. அதைப் பிரிச்சாலே பாதி கோடு காணாமப் போயிடும்.

டிரெய்லர் ஓட்டுநர்:

தம்பி, நீ மெயின் சுவிட்சை அணைச்சதும் கியர் விழுந்துச்சே, அதை மெக்கானிக்கிட்ட சொன்னியா? நான் ஜம்பர் கேபிள் போட்டதும் அடங்குச்சுன்னு சொன்னதாலதான் அவர் ஸ்கேனரைக் கூட மாட்டாம நேரா எர்த் பட்டைக்குப் போனார். அடுத்த தடவை கியர் மாட்டினா அணைக்கிறதுக்கு முன்னாடி டாஷ்போர்டை ஒரு போட்டோ எடு. எஞ்சின் சூடா இருந்துச்சா, மழையா, எத்தனை நிமிஷம் விட்டதுக்கு அப்புறம் விழுந்துச்சுன்னு பின்னாடியே எழுதி வை. நான் சன்வைசர்ல ஒரு சின்ன நோட்டு சொருகி வெச்சிருக்கேன்.