ஓரிகன் காட்டில் விழுந்த பலூன்

இரண்டாம் உலகப் போரின் சுவடு தேடி அமெரிக்காவைச் சுற்றுபவர்கள் போர்க்கப்பல், விமானக் காட்சியகம் என்றுதான் போவார்கள். நான் பார்த்துவிட்டு வந்ததோ பைன் காட்டுக்குள் இருக்கும் ஒரு கல் தூண்.

தெற்கு ஓரிகனில் கிளமத் ஃபால்ஸிலிருந்து கிழக்கே ஒரு மணி நேரம் காரில் போனால் பிளை என்ற சிற்றூர் வரும். அதைத் தாண்டிக் காட்டுச்சாலையில் திரும்பினால் மிட்செல் நினைவிடம். தூணில் பதித்த வெண்கலப் பலகையில் ஆறு பெயர்கள், வயதோடு. எல்சி மிட்செலுக்கு 26. மற்ற ஐவரும் 11 முதல் 14 வயதுக்குள். இரண்டாம் உலகப் போரில் எதிரியின் தாக்குதலால் அமெரிக்கக் கண்டத்தில் உயிர் போன ஒரே இடம் இதுதான் என்கிறது பலகை.

1945 மே 5, சனிக்கிழமை. ஊர்ப் போதகர் ஆர்ச்சி மிட்செல் கர்ப்பிணியான மனைவியையும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளையும் காட்டுக்கு உல்லாசப் பயணம் அழைத்துப் போயிருக்கிறார். அவர் காரை நிறுத்திக்கொண்டிருந்தபோது, ஏதோ கிடக்கிறது என்று பிள்ளைகள் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் எச்சரித்துக் குரல் கொடுத்தார், அதற்குள் வெடித்துவிட்டது.

கிடந்தது ஜப்பான் அனுப்பிய பலூன் குண்டு. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை 9,000-க்கும் மேல் பறக்கவிட்டார்கள். கைக்காகிதத்தை அடுக்கடுக்காகக் கிழங்குமாவுப் பசையால் ஒட்டிச் செய்த, சுமார் 10 மீட்டர் குறுக்களவுள்ள ஹைட்ரஜன் பலூன். உயரம் குறைந்தால் மணல்மூட்டை ஒன்று தானாகக் கழன்று விழும். பலூன் மறுபடி மேலேறும். வானின் உச்சியில் ஓடும் வேகக் காற்று அதைச் சில நாட்களில் பசிபிக்கைக் கடக்க வைத்துவிடும். ஒட்டும் வேலைக்குப் பள்ளி மாணவியரைத்தான் உட்கார வைத்தார்கள். அமெரிக்க மண்ணியல் நிபுணர்களும் சளைத்தவர்கள் அல்லர். மூட்டை மணலை ஆராய்ந்தே அது ஜப்பானின் எந்தக் கடற்கரையிலிருந்து வந்திருக்கலாம் என்று கணித்தார்கள்.

இதையெல்லாம் கண்டுபிடித்த அரசு, மக்களிடம் மட்டும் மூச்சுவிடவில்லை. பலூன் வந்து சேர்கிறது என்று தெரிந்தால் ஜப்பான் இன்னும் அனுப்பும் என்பது கணக்கு. பத்திரிகைகளும் வாயை மூடிக்கொண்டன. கணக்கு தவறென்று சொல்ல முடியாது. பலன் இல்லை என்று நினைத்து ஜப்பான் ஏப்ரலோடு நிறுத்தியும்விட்டது. ஆனால் காட்டில் கிடப்பதைத் தொடாதே என்று மலையோர ஊர்களுக்காவது சொல்லியிருக்க வேண்டாமா? ஆறு பேர் செத்த பிறகுதான் எச்சரிக்கை வந்தது. 1949-இல் நிவாரணமாக எல்சியின் கணவருக்கு 5,000 டாலரும் ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோருக்கும் 3,000 டாலரும் ஒதுக்கினார்கள்.

எனக்கு முன்பே அங்கே வந்திருந்த ஒரு பெரியவர் (மரம் வெட்டும் தொழிலில் இருந்தவராம்) தூணைவிட்டு என்னை ஒரு பைன் மரத்தருகே அழைத்துப் போனார். சிதறல் பாய்ந்த இடத்தில் பட்டை உள்வாங்கி, ஓரத்தில் பிசின் தடித்துக் கெட்டியாகியிருந்தது. ஆர்ச்சியின் பிற்காலத்தையும் அவர்தான் சொன்னார். இறந்த பிள்ளைகளில் இருவரின் அக்காவை மறுமணம் செய்துகொண்டு, மிஷனரியாக வியட்நாம் போனார். 1962-இல் தொழுநோய் மருத்துவமனையிலிருந்து அவரை வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாப் படை பிடித்துக்கொண்டு போனது. அதன்பின் அவரைப் பற்றித் தகவலே இல்லை. ஒரு மனிதருக்கு இரண்டு போர்!

மறுமொழி

ஐயா, அவ்வளவு தூரம் போன நீங்கள் டூலி லேக்கையும் பார்த்திருக்கலாம். கிளமத் ஃபால்ஸிலிருந்து தெற்கே, கலிஃபோர்னியா எல்லையைத் தாண்டியதும் வருகிறது. அதே போரின்போது அமெரிக்க அரசு ஜப்பானிய வம்சாவளி அமெரிக்கர்களை அடைத்துவைத்த பத்துப் பெரிய முகாம்களில் அதுதான் ஆகப் பெரியது. ஒரு கட்டத்தில் 18,000-க்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். முகாமுக்குள்ளேயே சிறை என்று கான்கிரீட்டில் ஒரு கட்டடம். சுவரில் பென்சிலால் கிறுக்கிய எழுத்துகளைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. முகாமில் அடைபட்டவர்களில் பெரும்பாலோர் அமெரிக்காவிலேயே பிறந்த குடிமக்கள்.

உங்கள் கதையின் மிச்சமும் அங்கேதான் இருக்கிறது. அந்த முகாமில் இளவயதில் அடைபட்டிருந்த யுசுரு தகெஷிதா பின்னாளில் பேராசிரியரானார். ஜப்பான் சென்றபோது, பள்ளி நாட்களில் பலூனுக்குக் காகிதம் ஒட்டிய பெண்களைச் சந்தித்து, பிளையில் நடந்ததைச் சொன்னார். அவர்கள் ஆயிரம் காகிதக் கொக்குகள் மடித்துக் கொடுத்தார்கள். 1987-இல் அவை பிளை ஊர்க் குடும்பங்களிடம் சேர்ந்தன. நினைவிடத்தருகே செர்ரிக் கன்றுகள் நட்டிருப்பதும் இந்த உறவால்தான்.

சிறைக் கட்டடத்துக்குள் தனியாக விடமாட்டார்கள். கோடையில் பூங்காக் காவலர் அழைத்துச் செல்லும் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.