அகாதிஸ் மரத்துக்குக் 'குங்கிலிய மரம்' பொருந்துமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நம் தமிழ்த் தாவரப் பெயர்ப் பட்டியலில், பிசின் வடியும் கூம்பு மரங்களான அகாதிஸ் பேரினத்துக்குக் 'குங்கிலிய மரம்' என்று பெயர் வைக்கலாம் என்ற பரிந்துரையைப் படித்தேன். சொல் அழகானதுதான், ஆனாலும் அதை மரத்துக்கு வைக்க வேண்டாம்.

நம் வெள்ளைக் குங்கிலியமும் கருங்குங்கிலியமும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பூக்கும் மரங்களில் வடிபவை. அகாதிஸ் பூக்காது, கூம்புதான் விடும். இந்தக் குழப்பத்தை ஐரோப்பியர்கள் ஏற்கெனவே பட்டு முடித்துவிட்டார்கள். 'டாமர்' என்பது குங்கிலியத்துக்கு மலாய்ச் சொல். இன்றைய இந்தோனேசியாவின் அம்போன் தீவில் வாழ்ந்த தாவரவியலாளர் ரம்பியஸ் அங்கிருந்த அகாதிஸ் மரத்தை டம்மாரா என்று தன் நூலில் எழுதிவைத்தார். அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1741 முதல்தான் அந்த நூல் அச்சேறியது. பிரிட்டிஷ் தாவரவியலாளர்களில் லாம்பர்ட் 1803இல் அந்த மரத்தைப் பைன் மரங்களோடு சேர்த்தார். சாலிஸ்பரி 1807இல் அகாதிஸ் என்று தனிப் பேரினமாக்கினார். அப்புறமும் டேவிட் டான் 1824இல் நியூசிலாந்தின் அகாதிஸ் மரத்துக்கு டம்மாரா ஆஸ்திராலிஸ் என்றே பெயரிட்டார். வணிகர்களோ நம் குங்கிலியத்தையும் டாமர் என்றே விற்றார்கள்.

'ஊசியிலை மரம்' என்பதும் சரிவராது. இதன் இலை தட்டையானது, தோல்போலத் தடித்தது.

கிரேக்கத்தில் அகாதிஸ் என்றால் நூற்கண்டு. உருண்ட கூம்பைப் பார்த்து வைத்த பெயர். ஆகவே பேரினத்துக்குக் 'கண்டுக்கூம்பி' என்பது என் பரிந்துரை. நியூசிலாந்து இனத்துக்கு அந்நாட்டுப் பூர்வகுடிகளான மவோரி மக்கள் வழங்கும் 'கவுரி' என்ற பெயரே இருக்கட்டும். தனியாகக் 'கவுரி' என்று எழுதினால் நமக்கு அம்மன் பெயர்தான் முதலில் தோன்றும். 'கவுரிமரம்' என்று சேர்த்தே எழுதுவோம்.

குங்கிலியம் என்ற சொல்லை அதன் பிசினுக்கு வைத்துக்கொள்ளலாம், அங்கே அது கச்சிதம். ஆங்கிலத்தில் அதைக் கோந்து என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள், ஆனால் அது நீரில் கரையாது. மவோரிகள் அதை மென்றார்கள், அதைக் கொண்டு தீ மூட்டினார்கள், அதன் புகைக்கரியைப் பச்சை குத்தப் பயன்படுத்தினார்கள். பின்னாளில் மண்ணுக்குள் புதைந்து கிடந்ததைத் தோண்டியெடுத்து வார்னிஷ் செய்ய ஏற்றுமதி செய்தார்கள். 'கவுரிக் குங்கிலியம்' என்றால் தமிழருக்குச் சட்டென்று விளங்கும்.

இன்னொன்று. கவுரிமரம் பற்றிய பட்டியலின் வரைவுப் பதிவில் 'ஐரோப்பியர் கண்டுபிடித்த மரம்' என்று இருக்கிறது. அதை நீக்கியே ஆக வேண்டும். பிரெஞ்சுக் கடலோடி மரியோன் டு ஃபிரேனின் மாலுமிகள் 1772இல் பாய்மரத்துக்காக இதை வெட்டுவதற்கு எவ்வளவோ காலம் முன்பே மவோரிகள் இதைக் குடைந்து படகு செய்துகொண்டிருந்தார்கள். 'ஐரோப்பியர் தாவரவியலில் முதலில் விவரித்த மரம்' என்று மாற்றினால் போதும்.

'கூம்பி' என்ற ஈறு வேறு பேரினங்களுக்கு ஏற்கெனவே வழங்குகிறதா என்று தாவரவியல் படித்தவர்கள் பார்த்துச் சொல்லுங்கள். மோதல் இல்லையென்றால் பட்டியலில் சேர்த்துவிடலாம்.