ஞாயிறு மட்டும் பாடம் எடுக்க வருகிறவருக்கும் போலீஸ் வெரிஃபிகேஷன் வேண்டுமா?

வைகைக்கரை:
ஆறு வருஷமாக ஒரு குழந்தைகள் இல்லத்தில் ஞாயிறுதோறும் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் நிர்வாகி ஒரு படிவத்தை நீட்டினார். போலீஸ் வெரிஃபிகேஷன் சான்று, என்னைத் தெரிந்த இருவரின் கையெழுத்து, அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்த மாட்டேன் என்று உறுதிமொழி. சம்பளம் வாங்குகிறவர்களிடம் கேட்கலாம். சொந்தக் காசில் பெட்ரோல் போட்டு வருகிறவனிடமும் கேட்டால் யார் வருவார்கள்? என்னோடு வந்துகொண்டிருந்த இரண்டு கல்லூரிப் பையன்கள் அன்றோடு நின்றுவிட்டார்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு மூன்று மாதம்தான் இருக்கிறது.

மலைவேம்பு:
உங்கள் வருத்தம் புரிகிறது தம்பி, ஆனால் நிர்வாகி செய்தது சரி. குழந்தைகள் தங்கும் எந்த இடமானாலும் ஊழியர்கள் எல்லோரையும், நிரந்தரமோ ஒப்பந்தமோ, அவ்வப்போது போலீஸ் மூலம் சரிபார்க்க வேண்டும் என்று போக்சோ சட்டத்தின் 2020 விதிகள் சொல்கின்றன. அங்கே இருப்பது ஊழியர் என்ற சொல். தன்னார்வலரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. கெட்ட எண்ணத்தோடு வருகிறவனுக்கு அந்தச் சந்து போதும். அவன் சம்பளம் கேட்க மாட்டான்.

நான் நான்கு வருஷம் வார்டனாக இருந்தவள். ஒருவர் மாதாமாதம் வந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கேக்கும் ஜாமெட்ரி பாக்ஸும் கொடுப்பார். மூன்றாவது மாதம் ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் கொலுசு வாங்கி வந்தார். அடுத்த மாதம், "பைக்கில் கடைத்தெரு வரை கூட்டிப்போய் வரட்டுமா?" என்றார். நான் விடவில்லை. நன்கொடை நின்றது, நிர்வாகத்திடம் திட்டு வாங்கினேன். அந்தப் பிள்ளை கொலுசை ஒருநாளும் போடவில்லை. டிரங்குப் பெட்டியின் அடியில் பழைய பாவாடையில் சுருட்டி வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டேன், கடைசிவரை சொல்லவில்லை.

கல்தூண்:
அக்கா, அந்த ஆளுக்கு வெரிஃபிகேஷன் போட்டிருந்தாலும் சுத்தமான சான்றுதான் வந்திருக்கும். பதிவில் இருப்பதைத்தானே போலீஸ் சொல்ல முடியும்? இங்கிலாந்தில் சோஹம் என்ற ஊரில் 2002-இல் இரண்டு சிறுமிகளைக் கொன்ற இயன் ஹன்ட்லி, ஒரு பள்ளியின் பராமரிப்பு ஊழியன். அவன்மேல் ஏற்கெனவே பல புகார்கள் வந்திருந்தன, தண்டனை ஆகவில்லை. வேலைக்கு எடுக்கும்போது அவை வெளியே வரவே இல்லை.

நம் நாட்டிலேயே, சிறுமிகள் பாலியல் கொடுமைக்கு ஆளான பீகாரின் முஸாபர்பூர் காப்பகத்தைப் பாருங்கள். 2020-இல் தண்டிக்கப்பட்ட 19 பேரில் குழந்தைகள் நலக் குழுவில் இருந்தவர்களும் உண்டு. யார் தடுக்க வேண்டுமோ அவர்களே குற்றவாளிகள். டாடா சமூக அறிவியல் கழகத்தின் ஆய்வுக் குழு வெளியிலிருந்து போய்ப் பிள்ளைகளிடம் பேசிய பிறகுதான் 2018-இல் விஷயம் வெளிவந்தது. சான்று வாங்கிக் கோப்பில் போட்டதும் கடமை முடிந்தது என்று இல்லங்கள் நிம்மதியாகிவிடும், அதுதான் என் பயம். சாலை மறியல் வழக்கு ஒன்று என் பெயரிலும் நிற்கிறது. என்னை இனி எந்த இல்லமும் சேர்க்காதா?

மலைவேம்பு:
மறியல் வழக்குக்காக உங்களை ஒதுக்கினால் அது அநியாயம். பார்க்க வேண்டியது குழந்தைகள், பெண்கள் மீதான குற்றங்களையும் அடிதடியையும்தான். சோஹமுக்கு அப்புறம் இங்கிலாந்தில் சரிபார்ப்பைக் கைவிடவில்லை, இறுக்கினார்கள். குழந்தைகளோடு நெருங்கி வேலை செய்கிறவர்களைப் பற்றி, தண்டனை ஆகாத தகவலையும் தேவைப்பட்டால் போலீஸ் சொல்லலாம். தன்னார்வலருக்கு அங்கே கட்டணமும் இல்லை. இங்கே 2018-இல் தொடங்கிய பாலியல் குற்றவாளிகள் தேசியத் தரவுத்தளத்தைப் போலீஸ்தான் திறந்து பார்க்க முடியும். போலீஸிடம் போகாமல் ஒரு நிர்வாகி வேறு எப்படித் தெரிந்துகொள்வார்?

தாமிரபரணி:
2023 டிசம்பர் வெள்ளத்தில் தூத்துக்குடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட முகாமில் இருந்தேன். ராத்திரி லாரியில் வந்து இறங்குகிறவரிடம் எந்தச் சான்றைக் கேட்பது? கேட்கவில்லை. இரண்டாம் நாள் ஒருவர், பிள்ளைகளுக்கு செல்போனில் படம் காட்டுகிறேன் என்று மாடி வகுப்பறைக்குக் கூட்டிப்போய்விட்டார். அம்மாக்கள் கீழே சாப்பாட்டு வரிசையில். தப்பாக எதுவும் நடக்கவில்லை, ஆனால் அவர் பெயர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதன்பிறகு, தெரியாதவர்கள் மூட்டை இறக்கலாம், சமைக்கலாம், பிள்ளைகள் இருக்கும் அறையில் ஊர்ப் பெண்கள் இருவர் இருந்தே ஆக வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். அவசரத்திலும் இவ்வளவு முடிந்தது. ஆறு வருஷமாக வருகிறவருக்குச் சான்று வாங்க நேரமில்லையா?

வைகைக்கரை:
சரி, நேரம் இருக்கிறது. மலைவேம்பு அக்கா சொன்ன கொலுசை நினைத்து நேற்று சரியாகத் தூங்கவில்லை. சான்றுக்கு விண்ணப்பித்துவிடுகிறேன். கட்டணத்தை இல்லமே ஏற்க வேண்டும், சான்று வரும்வரை வராந்தாவில் வார்டன் கண்முன்னே பாடம் நடத்த விட வேண்டும். இந்த இரண்டையும் நிர்வாகியிடம் கேட்கப் போகிறேன். பையன்களையும் அப்படித்தான் திரும்பக் கூப்பிட முடியும்.

கல்தூண்:
கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்துக் கேளுங்கள். வெளியாள் யாராவது பிள்ளைகளிடம் தனித்தனியாகப் பேச வருகிறார்களா? குழந்தைகள் உதவி எண் 1098 பிள்ளைகளுக்குத் தெரியுமா? கூப்பிட போன் இருக்கிறதா?

வைகைக்கரை:
எண் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் பச்சை பெயின்ட்டில் பெரிதாக எழுதியிருக்கிறது. போன் நிர்வாகி அறையில். ஆறு மணிக்கு அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள். இத்தனை வருஷத்தில் நான் இதை யோசித்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதலில் அதைத்தான் கேட்கப் போகிறேன்.