புதுப்பனி பொழிந்த மறுநாள் அபர்வாட் சரிவில் இறங்கலாமா?

கேள்வி:
காஷ்மீரின் குல்மார்க்கில் இரண்டு நாட்களாகக் கொட்டிய பனி நேற்றிரவுதான் நின்றது. இன்று வானம் தெளிந்து வெயில் அடிக்கிறது. கொண்டோலாவில் (கம்பிவட ஊர்தியில்) அபர்வாட் மலை வரை ஏறி, பாதுகாவலர்கள் கண்காணிக்கும் எல்லைக்கு வெளியே பனிச்சறுக்கலாம் என்று நண்பர்கள் அழைக்கிறார்கள். வானிலை நன்றாக இருக்கும்போதும் பனிச்சரிவு ஏற்படுமா?

பதில் 1:
ஏற்படும். புயல் ஓய்ந்த முதல் 24 மணி முதல் 48 மணி நேரம்தான் மிக ஆபத்தானது என்பதால், அந்தத் தெளிந்த வானமே ஆளை ஏமாற்றுகிறது. பழைய பனியில் சர்க்கரையைப் போல ஒன்றோடொன்று ஒட்டாத மணிகள் ஒரு படலமாகக் கிடக்க, அதன்மேல் காற்று கொண்டுவந்து குவித்த புதுப்பனி பலகையாக இறுகியிருக்கும்போது, ஒருவருடைய எடையே அந்தப் பலகையை முறித்துச் சரியவைக்கப் போதுமானது. 30 முதல் 45 பாகை வரையிலான சாய்வில்தான் இது பெரும்பாலும் நிகழ்கிறது, சறுக்குவதற்கு ஆசையூட்டும் சாய்வும் (என்ன செய்வது!) அதுவேதான்.

பதில் 2:
காலடியில் ‘தும்’ என்று பனி அமுங்கும் ஓசை கேட்டாலோ, சறுக்குப் பலகையின் முனையிலிருந்து விரிசல் ஓடினாலோ உடனே திரும்பிவிடுங்கள். புதையுண்டவர் பிழைக்கும் வாய்ப்பு சுமார் 15 நிமிடங்களுக்குப் பிறகு வெகுவாகக் குறைந்துவிடுவதால், வெளியிலிருந்து மீட்புக்குழு வரும் என்று நம்பியிருக்க முடியாது. புதையுண்டவர் இருக்குமிடத்தைக் காட்டும் சமிக்ஞைக் கருவி, துழாவும் கோல், மண்வாரி ஆகிய மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்கவேண்டும்.

கேட்டவர்:
எங்கள் ஐவரில் இருவரிடம் மட்டுமே சமிக்ஞைக் கருவி உள்ளது. நாளையும் எல்லைக்குள்ளேயே சறுக்குகிறோம்.