பழைய சர்வரில் சூடோ ஓட்டை: யாராவது வழி சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் அலுவலகத்தில் அப்டேட் நின்றுபோன ஒரு லினக்ஸ் சர்வர் ஓடுகிறது. அதில் இருப்பது சூடோ 1.8.23 (சாதாரணப் பயனர் நிர்வாகி அதிகாரத்தில் கட்டளை ஓட்ட உதவும் நிரல்). 2021 ஜனவரியில் குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட 'பாரன் சமெடிட்' பஃபர் ஓவர்ஃப்ளோ (நினைவக எல்லை மீறல்) ஓட்டை இதில் இருக்கிறதா என்று பார்த்தேன். சாதாரணப் பயனரையும் பாஸ்வேர்டு கேட்காமல் ரூட் (முழு அதிகாரம் கொண்ட நிர்வாகி) ஆக்கிவிடும் ஓட்டை அது, 2011 முதலே நிரலில் கிடந்திருக்கிறது! டிஸ்ட்ரோக்காரர்கள் (லினக்ஸைத் தொகுத்து வெளியிடுபவர்கள்) பதிப்பு எண்ணை மாற்றாமலே பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) போடுவார்கள் என்பதால் எண்ணை மட்டும் நம்பவில்லை. சாதாரணப் பயனராக 'சூடோஎடிட் -எஸ் /' ஓட்டினேன். பேட்ச் ஆகியிருந்தால் 'யூசேஜ்' என்று தொடங்க வேண்டும். இங்கே 'சூடோஎடிட்:' என்று பிழை வருகிறது, அதாவது ஓட்டை அடைபடவில்லை.

சூடோஎடிட் என்பது சூடோவைச் சுட்டும் லிங்க்தான், அதை அழித்தால் போதும் என்கிறார் நண்பர். அதே பெயரில் யாரும் புதிதாக லிங்க் போட்டுக்கொள்ளலாமே?

ஓஎஸ்ஸை இப்போதைக்கு மாற்ற முடியாது. ஓட்டை அடைக்கப்பட்ட 1.9.5பி2-வையோ அதற்குப் பிந்தையதையோ சோர்ஸிலிருந்து கம்பைல் செய்து போட்டவர்கள் இருக்கிறீர்களா? பழைய பைனரியில் செட்யூஐடியை (யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தில் இயங்க வைக்கும் அனுமதி) எடுத்தால் போதுமா, பேக்கேஜையே நீக்கணுமா? அப்புறம், இருக்கிற சூடோயர்ஸ் கோப்பு (யார் எதை ஓட்டலாம் என்ற விதிகள்) அப்படியே ஓடுமா?