கதையில் வரும் பெண்ணிடம் நாம் கேட்கும் கேள்விகள்

நெய்தல்:
வாசகர் வட்டத்தில் அன்று புதுமைப்பித்தனின் ‘சாபவிமோசனம்’ கதை. கணவன் கோதமரின் உருவில் வந்த இந்திரனால் ஏமாற்றப்பட்டு, சாபத்தால் கல்லானவள் அகலிகை. சாபம் நீங்கிய பிறகும் எதிரே வரும் ஆண்கள் எல்லாம் அவளுக்கு இந்திரனாகத் தெரிகிற பகுதியை ஒரு பெண் வாசித்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருவர் குறுக்கிட்டார்: "அதெல்லாம் இருக்கட்டும். வந்தவன் கணவன் இல்லை என்று அவளுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?" சிலர் சிரித்தார்கள். வாசித்தவர் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்தவரிடம் நீட்டிவிட்டார். அந்தக் கை இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இராமன் சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று கேட்டதும் அகலிகை மறுபடி கல்லானது இந்தச் சந்தேகம் தாங்காமல்தானே! 1943இல் வந்த கதை.

கடைசி வரிசை:
பாதியைத்தான் ஏற்பேன். அந்தக் கதையில் கோதமர் பரிவானவர். அப்படிப்பட்ட கணவன் கூட இருந்தும் அவள் பயம் போகவில்லை என்பதுதான் கொடுமை. அவளைக் கண்டு விலகி ஓடுகிறவர்களும் பெண்கள்.

என்னை உறுத்துவது ஜெயகாந்தன். ‘அக்கினிப் பிரவேசம்’ சிறுகதையில் (1966), காரில் வந்தவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளைத் தாய் தலையில் தண்ணீர் ஊற்றிச் சேர்த்துக்கொள்கிறாள். ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலில் அதே தாய் ஊரறியக் கத்திவிடுகிறாள். மகள் கங்காவின் வாழ்க்கையே கவிழ்ந்துவிடுகிறது. "நீ எந்த அம்மாவாக இருந்திருப்பாய்?" என்று என் அம்மாவிடம் கேட்டேன். முறத்தில் இருந்த அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "அன்றைக்கு உன் அப்பா ஊரில் இருந்தாரா இல்லையா என்பதைப் பொறுத்தது."

சாக்பீஸ்:
கடைசி வரிசை, அந்தப் பெண்கள் யாருக்குப் பயந்து ஓடினார்கள் என்று யோசித்தீர்களா? உங்கள் அம்மாவே பதில் சொல்லியிருக்கிறார்.

நான் தமிழாசிரியை. பதினொன்றாம் வகுப்பு மாணவி எழுதிய கதையில், பலாத்காரத்துக்கு ஆளானவள் கிணற்றில் குதிக்கிறாள். ஏன் என்றேன். "வேறு எப்படி முடிப்பது, டீச்சர்?" என்றாள்.

பிள்ளைகளைப் பெற்றவர்களுக்குச் சொல்கிறேன். கதைகளை ஒளித்து வைக்காதீர்கள். கூட உட்கார்ந்து படியுங்கள். இவளுக்கு இந்த முடிவை யார் கொடுத்தது, குற்றம் செய்தவனைக் கதை என்ன செய்தது என்று கேளுங்கள். ஒரே முடிவைத் திரும்பத் திரும்பப் படித்தால், தனக்கும் அதுதான் விதி என்று ஒரு பெண் நம்பத் தொடங்கிவிடுவாள். சமையலறைக்குள் அடைபட்ட பெண்களைப் பற்றி அம்பை எழுதிய ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யைக் கையில் கொடுங்கள். பையன்களுக்கும் கொடுங்கள், அவர்களுக்கு முதலில் கொடுங்கள். பிடிக்காத முடிவை மாற்றி எழுதச் சொல்லுங்கள். எழுதியதில் சிவப்பு மையால் திருத்தாதீர்கள், இலக்கணத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.