வால்பாறை மலைச்சாலையில் 125 சிசி வண்டி: இறக்கத்தில் பிரேக் தளர்ந்து போவது ஏன்?

திருப்பூர் பயணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வரும் ஜனவரியில் பொள்ளாச்சியிலிருந்து ஆழியாறு வழியாக வால்பாறைக்கு என் வண்டியில் போக எண்ணியிருக்கிறேன். பின்னால் அப்பா உட்கார்ந்து வருவார். அவர் பிறந்தது அங்கே ஒரு தேயிலை எஸ்டேட்டின் லயத்து வீட்டில் (தொழிலாளர்களுக்கான வரிசை வீடு). பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு மலையிறங்கியவர், அதன் பிறகு ஒருமுறைகூட அந்தப் பக்கம் போகவில்லை. பேருந்தில் போய்வரலாம் என்று சொன்னேன். "பஸ்ஸில் போனால் நினைத்த இடத்தில் இறங்கி நிற்க முடியாதே" என்கிறார்.

என் வண்டி 2017ஆம் ஆண்டு வாங்கிய 125 சிசி. இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக். சென்ற ஆண்டு ஏற்காட்டிலிருந்து நண்பரைப் பின்னால் வைத்துக்கொண்டு இறங்கும்போது, பாதி வளைவுகள் தாண்டியபின் கால் பிரேக் வழக்கத்தைவிட ஆழமாக இறங்கத் தொடங்கியது. கருகிய வாடை வந்தது. அடுத்த கொண்டை ஊசி வளைவில் இரண்டு பிரேக்கையும் முழுப்பலத்தோடு பிடித்தும் வண்டி நான் நினைத்த இடத்தில் நிற்கவில்லை. தடுப்புச் சுவருக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது. அரைமணி நேரம் ஓரமாக நிறுத்திவிட்டுக் கிளம்பினால் பிரேக் பழையபடி பிடித்தது. மறுநாள் பட்டறையில் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஒரு கோளாறும் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். கோளாறு இல்லையென்றால் அன்று நடந்தது என்ன? இந்த வண்டியில் அப்பாவை அழைத்துக்கொண்டு நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்கலாமா?

பழைய ஸ்பேனர்

தம்பி, பட்டறைக்காரர் பொய் சொல்லவில்லை. அவர் பார்த்தது ஆறிப்போன பிரேக்கை. உங்களைக் கைவிட்டது சூடேறிய பிரேக். சக்கரத்தோடு சுழலும் டிரம்மின் உட்புறத்தில் ஷூ என்ற வளைந்த கட்டைகள் அழுந்தி உராய்வதால்தான் வண்டி நிற்கிறது. சூடு ஏறும்போது ஷூவில் ஒட்டியிருக்கும் லைனிங்கின் (உராயும் பட்டையின்) பிடிமானம் குறைகிறது. அதே நேரத்தில் டிரம்மும் வெப்பத்தில் விரிந்து ஷூவிலிருந்து விலகிப்போவதால், கால் கட்டை ஆழமாக இறங்கினால்தான் ஷூ போய்த் தொடும். ஆறியதும் இரண்டும் பழைய நிலைக்கு வந்துவிடுவதால், மறுநாள் கழற்றிப் பார்ப்பவருக்கு எதுவும் தெரியாது.

எவ்வளவு சூடு என்பதற்கு ஒரு கணக்குச் சொல்கிறேன். வண்டியும் இரண்டு ஆட்களும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எடை 800 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், சாதாரணத் தண்ணீரில் ஆறு லிட்டருக்கும் மேல் கொதிக்க வைக்கப் போதுமானது. காற்றும் டயரும் அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும், மிச்சம் எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும். எஞ்சினுக்குப் பங்கு கொடுக்காமல் நியூட்ரலிலோ, கிளட்சைப் பிடித்தபடியோ, நான்காவது கியரிலோ இறங்கினால், அத்தனையும் உள்ளங்கை அகல ஷூக்களின் தலையில்தான் விழும். அன்று நீங்கள் எந்த கியரில் இறங்கினீர்கள் என்பதைக் கேள்வியில் எழுதவில்லை. அதற்கான பதிலில்தான் எல்லாம் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள் என்று எங்கள் பட்டறையில் பெரியவர்கள் சொல்வார்கள். உங்கள் வண்டிக்கு அது பெரும்பாலும் இரண்டாவது கியராக இருக்கும். ஆக்சிலேட்டரை முழுவதும் விட்டுவிட்டால் எஞ்சினே வண்டியைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். இரைச்சல் கூடுகிறதே என்று பயப்பட வேண்டாம். பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே இறங்குவதை மட்டும் அறவே விட்டுவிடுங்கள். வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, முழுவதும் விட்டுவிட வேண்டும். அப்படி விட்ட நேரத்தில்தான் டிரம் ஆறுகிறது.

போவதற்கு முன் இரண்டு சக்கரத்தையும் கழற்றி ஷூவைப் பாருங்கள். அன்று அவ்வளவு சூடு ஏறியிருப்பதால் லைனிங்கின் மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்திருக்க வாய்ப்பு அதிகம். உப்புத்தாளால் தேய்த்தும் ஓட்டலாம் என்றாலும், அப்பாவோடு போகிறீர்கள், இரண்டு ஜோடியையும் புதிதாக மாற்றிவிடுங்கள். மாற்றியவுடன் மலைக்குப் போகாமல், இருநூறு கிலோமீட்டராவது ஊருக்குள் ஓட்டி ஷூ முழுவதும் டிரம்மோடு படியவிடுங்கள். செயின் தொய்வையும் சரிசெய்யுங்கள். சிறிய கியரில் இறங்கும்போது தொய்ந்த செயின் வெட்டி வெட்டி இழுக்கும்.

தேயிலைக்காடு

நான் வால்பாறையில் வசிப்பவன். இந்தச் சாலையில் மாதத்திற்கு நான்கு முறையாவது பொள்ளாச்சிக்குப் போய்வருகிறேன். மேலே சொன்னதற்கெல்லாம் உடன்படுகிறேன். சாலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறக்குறைய 65 கிலோமீட்டர். ஆழியாறு வரை சமவெளி. வனத்துறைச் சோதனைச்சாவடியைக் கடந்தபின் வளைவுகள் தொடங்கும். ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதியிருப்பார்கள். டேங்கைப் பொள்ளாச்சியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் காட்சிமுனை இருக்கிறது. அங்கே நின்றால் ஆழியாறு அணை முழுவதும் காலடியில் தெரியும். அந்தப் பகுதியில் வரையாடுகள் சாலையோரத் தடுப்புச் சுவர்வரை இறங்கி வந்து புல் மேய்ந்துகொண்டிருக்கும். அவற்றைக் கண்டவுடன் வளைவின் நடுவிலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள். பின்னால் வரும் பேருந்துக்கு அது மிகப் பெரிய ஆபத்து. தின்பண்டம் நீட்டுவதும் கூடாது. நம் மாநில விலங்கை ரொட்டித் துண்டுக்குக் கையேந்த வைப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

அட்டகட்டியைத் தாண்டிக் கவர்க்கல் பகுதிக்கு வந்தால் பட்டப்பகலிலும் மூடுபனி இறங்கிவிடும். அப்போது ஹை பீமைப் போட்டால் வெளிச்சம் பனியிலேயே பட்டுக் கண்ணுக்குத் திரும்பி வந்து ஒன்றும் தெரியாமல் போகும். லோ பீமிலேயே, இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பிடித்துக்கொண்டு போங்கள். வால்பாறைக்குச் சற்று முன்னால் புதுத்தோட்டத்தில் சிங்கவால் குரங்குகள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். அவை மரத்துக்கு மரம் போவதற்காகச் சாலையின் குறுக்கே மேலே பாலம்போல் கட்டியிருப்பார்கள். அதைக் கண்டதும் வேகத்தைக் குறையுங்கள்.

வால்பாறையைச் சுற்றிய எஸ்டேட் சாலைகளில் சில இடங்களில் கம்பத்தில் சிவப்பு விளக்கு இருக்கும். அருகில் யானை நடமாட்டம் இருந்தால் கைப்பேசி வழியாக அதை எரியவிடுவார்கள். விளக்கு எரிந்தால் அதைத் தாண்டிப் போகாதீர்கள். மாலை ஆறு மணிக்குமேல் இந்த மலையில் இருசக்கர வண்டியில் இருப்பது நல்லதல்ல. ஒரே நாளில் ஏறி இறங்க நினைக்காமல் இரவு வால்பாறையில் தங்கி, மறுநாள் பனி விலகியபின் இறங்குங்கள். சோதனைச்சாவடி நேரத்தையும் இ-பாஸ் நடைமுறையையும் கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோட்டூர்க்காரன்

என் கருத்து வேறு. வயதானவரைப் பின்னால் உட்காரவைத்து இந்த மலையில் ஏற்ற வேண்டிய அவசியம் இல்லை. பொள்ளாச்சியிலிருந்து அரசுப் பேருந்து அடிக்கடி இருக்கிறது. அவரை அதில் அனுப்பிவிட்டு நீங்கள் வண்டியில் வாருங்கள். வால்பாறையில் இறங்கியபின் அவர் விரும்பும் எஸ்டேட்டுக்கு வண்டியில் அழைத்துப் போங்கள். குறைந்தது இறக்கத்திற்காவது இதை யோசியுங்கள்.

ஈரோட்டு ரைடர்

கோட்டூர் அண்ணன் சொல்வது நியாயமான யோசனைதான். ஆனால் அப்பா பார்க்க விரும்புவது ஊரை மட்டுமல்ல, தான் பன்னிரண்டு வயதில் இறங்கிவந்த வழியையும்தான் என்று எனக்குப் படுகிறது. அம்மாவைப் பின்னால் வைத்துக்கொண்டு இதே மலையில் மூன்று முறை போய்வந்திருக்கிறேன். அதனால் பின்னால் உட்காருபவரைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் முறை அம்மா ஒவ்வொரு வளைவிலும் பள்ளத்தைப் பார்த்துப் பயந்து வண்டி சாயும் பக்கத்துக்கு எதிராக உடலைச் சாய்த்தார். வண்டி நான் திருப்பிய அளவுக்குத் திரும்பவே இல்லை. இரண்டாம் முறை, திரும்பும் பக்கத்தில் என் தோளுக்கு மேலே பார்த்துக்கொண்டு வந்தால் போதும், வேறு ஒன்றும் செய்ய வேண்டாம் என்று சொல்லி வைத்தேன், எல்லாம் சரியாகிவிட்டது. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது பின்னால் இருப்பவர் முன்னால் சரிந்து நம் முதுகில் விழுவார். அந்த எடை நம் கைகளுக்கு வந்து, கை விறைத்து, ஹேண்டில் கனத்துப்போகும். ஒரு கையால் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியால் உங்கள் இடுப்பை அணைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு காலையும் இருபுறம் போட்டுத்தான் உட்கார வேண்டும். அவருக்கும் நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள்.

வளைவைப் பற்றி ஒன்று. ஏறும்போது இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் நாம் உட்புறத்தில் இருப்போம். அங்கேதான் ஏற்றம் செங்குத்தாக இருக்கும். நுழைவதற்கு முன்பே முதல் கியருக்கு வந்துவிட வேண்டும். நடுவில் கிளட்சைப் பிடித்தால் வண்டி நின்று பின்னால் உருளும். இறங்கும்போது அதே வளைவில் வெளிப்புறத்தில் இருப்போம் என்பதால் அது எளிதாகிவிடும். ஏறும்போது எளிதாக இருந்தவை கடினமாகிவிடும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது சட்டமே. பேருந்து வளைவில் திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் தேவைப்படும். ஆரன் ஒலி கேட்டால் வளைவுக்கு முன்னாலேயே, நேரான இடத்தில் இடது ஓரமாக நின்றுவிடுங்கள்.

திருப்பூர் பயணி

எல்லோருக்கும் நன்றி. பழைய ஸ்பேனர் ஐயா கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும்: அன்று ஏற்காட்டில் பெட்ரோல் மிச்சமாகும் என்று நான்காவது கியரில்தான் இறங்கினேன், கால் பிரேக்கிலிருந்து பாதத்தை எடுக்கவே இல்லை. ஷூக்களைக் கழற்றிப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே பின்சக்கர ஷூ கறுத்துப் பளபளவென்று இருந்தது. இரண்டு ஜோடியும் மாற்றிவிட்டேன்.

போன வாரம் போய்வந்தோம். ஒரு சிறு திருத்தத்தோடு கோட்டூர் அண்ணன் யோசனையையும் எடுத்துக்கொண்டேன்: கவர்க்கலில் பனி அதிகமாக இருந்தால் அப்பா பேருந்துக்கு மாறிவிட வேண்டும் என்று முன்பே பேசிவைத்தோம். அந்தத் தேவை வரவில்லை. இறங்கும்போது இரண்டாவது கியரிலேயே வந்தேன். ஒன்பதாவது வளைவில் நிறுத்திப் பின்சக்கர டிரம்மின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, வாடை எதுவும் இல்லை. நான் குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அப்பா அணைப் பக்கம் பார்க்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, இறங்கி வந்த சாலையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். "அன்றைக்கு இந்த இடத்தில்தான் எனக்கு வாந்தி வந்தது, பாட்டி இறங்கி முகம் கழுவிவிட்டாள்" என்றார். பத்து நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினோம்.